கடைசி அறுபது மீட்டர்

செவ்வாய்க்கிழமை பந்தாட்டம் கிடையாது.
அதனால்தான் மலை.

மோல்மேன் படித்துறைக்கு மேலே எங்கள் டீக்கடை.
எட்டு மேசை, முழங்கால் உயர முக்காலிகள்,
சுவரில் சீனத்து டிவி, இடது ஓரம் பச்சை பூத்தது.
பலாத்தாக் கல் என் பொறுப்பு.
வீசுவேன், மடிப்பேன், முட்டை ஊற்றுவேன்,
தலை நிமிர்ந்தால் மலை.

எந்த நாட்டு மலையோ.
பேசுகிறவன் கொரியாக்காரன் என்றார் ஒருவர்,
ஜப்பான் என்றார் இன்னொருவர்.
அடியில் எழுத்தும் ஓடவில்லை.
ஆகவே கோ சோ மோ மொழிபெயர்த்தான்,
அவனுக்கு இரண்டும் தெரியாது:
"மூச்சு முட்டுதாம். பெண்டாட்டி பிள்ளைத்தாச்சியாம்.
கயிறே கடனுக்கு வாங்கினதாம்."
கடன் என்றதும் கடை உச்சுக்கொட்டியது.

சிவப்புச் சட்டைக்காரன் ஏறிக்கொண்டே இருந்தான்.
பத்து எட்டு, நிற்பான். பத்து எட்டு, நிற்பான்.
திரை மூலையில் ஓர் எண் குறைந்துகொண்டே வந்தது:
நானூறு. இருநூற்றுப் பத்து.
எண் எங்கே ஓடினாலும் அந்தோணிப்பிள்ளைக்குக் கை அரிக்கும்.
சிகரெட் அட்டையைக் கிழித்து நடுவில் கோடு போட்டார்.
ஏறுவான், ஆயிரம் சாட். ஏறமாட்டான், ஆயிரம் சாட்.

"அட, இது எப்பவோ எடுத்த படம்," என்றேன் கல்லடியிலிருந்து,
"ஏறியோ விழுந்தோ எல்லாம் முடிஞ்சிருக்கும்."
"அது அவனுக்கு. நமக்கு இன்னும் முடியலையே."
நானும் ஆயிரம் வைத்தேன், ஏறுவான் பக்கம்.

எதிர்ப் பக்கம் ஒரே ஒருவர், ரப்பர் தோட்டத்து மோன்காரர்.
அவர்கள் மொழியில் ஆண்பெயருக்கு முன்னால் மரியாதைக்கு 'நாய்' வரும்.
இருபது வருடமாகியும் என் நாக்கு கூசுகிறது,
அண்ணே என்றே கூப்பிடுகிறேன்.
அண்ணன் சொன்னார்:
"வாளி நிறைஞ்ச பிறகும்
இன்னொரு மரத்துக்குப் போறவன் நடை இது. பாரு."

தொண்ணூறில் அவன் வழுக்கினான்.
படமும் வழுக்கியது.

வானம், பாறை, வானம், ஒரு கையுறை.
பிறகு நேரானது.
சிவப்புச் சட்டையைப் பார்த்துக் கடை அய்யோ என்றது.
அவனோ தூரத்தில் இருந்தான்.
மூச்சு மட்டும் என் காதுக்குள் இரைத்தது.

அப்போதுதான் பார்த்தேன், பனியில் இரண்டு நிழல்.
ஒன்று ஏறுகிறவனுடையது.
மற்றதன் தோளில் ஒரு பெட்டி.

முன்னால் ஓடிப் படுத்துப் பாதி எடுத்திருக்கிறான்,
பின்னால் நின்று மீதி.
அப்படியென்றால் இதே மலையை ஒன்றரைத் தடவை.
அவன் மேல் யாரும் ஒரு சாட் வைக்கவில்லை.
விரலில் மாவு காய்ந்தது. ஐந்தாம் மேசை
இரண்டு பலாத்தா எங்கே என்று கத்தியது.
சொல்லிவிடலாமென்று வாயெடுத்தேன்.

அறுபது.
கரண்ட் போய்விட்டது.

ஜெனரேட்டரில் எண்ணெய் இல்லை.
"இருந்தாலும் மலைக்கு ஊத்தமாட்டேன்," என்றாள் முதலாளியம்மா.

இருட்டில் சண்டை.
அறுபது மீட்டர் என்றால் பள்ளிவாசல் வரைக்கும், என்றார் ஒருவர்,
அவ்வளவெல்லாம் இல்லை, பாக்குக் கடை வரைக்கும்தான்.
கோ சோ மோ எழுந்து அளந்துகாட்டினான்,
பத்து எட்டு, நின்று, பத்து எட்டு, நின்று,
மெழுகுவர்த்தி எட்டாத இடத்தில் காணாமல் போனான்.

"மீ லா பியீ!"
தெரு முழுக்கக் கூச்சல். கரண்ட் வந்துவிட்டது.
திரை விழித்தது. மலை இல்லை.
கறுப்பு. அதில் வெள்ளையாய்ப் பெயர்கள்
கீழிருந்து மேலே, மேலே, விளிம்பு தாண்டி.

ஏறினானா?
யாருக்குத் தெரியும்.
அந்தோணிப்பிள்ளை பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்,
ஆளுக்கு நூறு பிடித்துக்கொண்டு. அட்டைக் கூலியாம்.
இருட்டுக்குள்ளிருந்து கோ சோ மோ திரும்பி வந்து
ஆறிய டீயைக் குடித்தான்.

எனக்கு பர்மா எழுத்து வரும்,
கோயில் வகுப்பில் படித்த தமிழ் வரும்,
அந்த எழுத்து வராது.
பெட்டிக்காரன் பெயர் எது என்று தெரியவில்லை.
ஆனாலும் பார்த்துக்கொண்டே நின்றேன்,
கடைசிப் பெயரும் உச்சியைத் தாண்டும்வரை,
கல்லில் ஐந்தாம் மேசையின் பலாத்தா
தீயும்வரை.